உடைவதற்கென்றே ஒரு பித்தளைத் துண்டு

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். புனேயில், ஹடப்சரில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வெளியிலிருந்து வருகிற வார்ப்புச் சாமான்களை உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்கிற இடத்தில் இருக்கிறேன். வெண்கலம் என்று எழுதி வருவது வெண்கலம்தானா, எஃகு என்று சொல்லி அனுப்பியதில் எஃகு எத்தனை, பூச்சு எத்தனை என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. சப்ளையர் ஒருவர் சிரித்துக்கொண்டே காலை வணக்கம் சொன்னால், இன்றைக்கு எந்தப் பெட்டியில் ஓட்டை என்றுதான் முதலில் தோன்றும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். "தோசக்கல்லையும் காந்தம் வெச்சுப் பாத்துட்டுத்தான் சாப்புடுவீங்களாட்ட இருக்குது" என்று என் மனைவி சொல்வாள். அதையும் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவனிடம் போய் ஒரு படகைக் கொடுத்தார்கள்.

நாங்கள் குடியிருப்பது பாணேரில், ஆற்றை ஒட்டிய குடியிருப்பு. விளம்பரத்தில் 'ஆற்றுக் காட்சி' என்று போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அணையைத் திறந்தால் காட்சி கேட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்று போடவில்லை. போன மழையில் எங்கள் சந்து முழுக்க இடுப்பளவு தண்ணீர். ஆட்டோ வரவில்லை, ஆம்புலன்ஸ் முக்கு ரோட்டிலேயே நின்றுவிட்டது.

எங்களுக்கு அது வெறும் தொந்தரவு இல்லை. என் மாமனார் எங்களோடு இருக்கிறார். கோயம்புத்தூரில் பஞ்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலே கால் வீங்கி, மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும். போன மழையில் ஒரு முறை தவறியது. மறுநாள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் தண்ணீருக்குள் தூக்கிக்கொண்டு போனோம். அவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தபடி, எங்கள் நான்கு பேரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். யார் கால் முதலில் வழுக்கப் போகிறது என்று கணக்குப் போட்டிருப்பார்.

அதன்பிறகு நானும் மனைவியும் சமையலறையில் நின்று ஒரு முடிவுக்கு வந்தோம். குடியிருப்பில் படகு ஏற்பாடாகி, அது ஒழுங்காக ஓடினால் மாமா இங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் மழை தொடங்குமுன் ஈரோட்டில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மைத்துனருக்கும் அவருக்கும் ஆகாது. ஒரே வீட்டில் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள். மருமகள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போன காலமும் உண்டு. ஆனால் அங்கே வெள்ளம் கிடையாது. மாமாவுக்குக் காது மந்தம் என்பதால் இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் தங்கள் ஃபைபர் படகையும் சின்ன அவுட்போர்டு மோட்டாரையும் குடியிருப்புக்கே விட்டுவிட்டுப் போனது. மோட்டார் ஓடியது. ஆனால் ப்ரொப்பெல்லரில் ஓர் இதழைக் காணோம். கமிட்டி கூடியது. செயலாளர் மராத்திக்காரர், தாபோடியில் ராணுவப் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைத் தடவிக்கொண்டே நேராக என்னைக் காட்டினார்.

"தும்ச காவ் சமுத்ராஜவள் ஆஹே நா?"

உங்கள் ஊர் கடலுக்குப் பக்கம்தானே என்கிறார். கோயம்புத்தூரில் கடல் கிடையாது, எனக்கு நீச்சலே அரைகுறை என்று மராத்தியிலும் இந்தியிலும் சொல்லிப் பார்த்தேன். புனேக்காரர்களுக்குத் தமிழன் என்றால் ஒரு கையில் இட்லி, மறு கையில் துடுப்பு. கை தட்டிப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ப்ரொப்பெல்லர் எதில் வாங்குவது என்று பேச்சு வந்தது. செயலாளர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும் என்றார். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லையாம். ஐடி கம்பெனிக்காரர் ஒருவர் பிளாஸ்டிக்கே போதும், இணையத்தில் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள் என்றார். நான் அலுமினியம் என்றேன்.

என் கட்சி இதுதான். நம் சந்து கடல் இல்லை. தண்ணீருக்குக் கீழே டிவைடர் இருக்கிறது, பாதாளச் சாக்கடை மூடி இருக்கிறது, யாரோ நிறுத்திவிட்டு ஊருக்குப் போன ஸ்கூட்டர் இருக்கிறது. ப்ரொப்பெல்லர் எதிலாவது கட்டாயம் இடிக்கும். பிளாஸ்டிக் என்றால் முதல் இடியிலேயே இதழ் தெறித்துவிடும். ஸ்டீல் என்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வாங்கிய அடியை அப்படியே உள்ளே இருக்கும் தண்டுக்கும் கியருக்கும் கடத்திவிடும். அலுமினியம் தான் வளைந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். அதற்கும் முன்னால் ஒரு காவல் இருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன மோட்டார்களில் ப்ரொப்பெல்லரையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது விரல் நீளப் பித்தளைத் துண்டு ஒன்றுதான். ஷியர் பின் என்பார்கள். பலமான அடி விழுந்தால் அது முதலில் முறியும். ப்ரொப்பெல்லர் தனியே சுற்றும், மோட்டார் தப்பிக்கும். புதுப் பின் போட்டுக்கொண்டு போகலாம்.

"உடைவதற்கென்றே ஒரு சாமானா?" என்று செயலாளர் இந்தியில் கேட்டார். ராணுவத்தில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

எனக்கு உடனே ஒரு முள் தைத்தது. கூட்டத்துக்கு முன்னாலேயே இவர் கடைக்குப் போய் வந்திருக்கிறார். ஸ்டீல் மேல் எதற்கு இவ்வளவு காதல்? வாக்கெடுப்பில் அலுமினியம் ஜெயித்தபோது, அவர் அதை அத்தனை சுலபமாக ஏற்றுக்கொண்டதும் பிடிக்கவில்லை. சண்டை போட வேண்டியவன் சும்மா இருந்தால் அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

அவரே போய் ப்ரொப்பெல்லரை வாங்கி வந்தார். கறுப்பு வண்ணம் பூசி, கண்ணாடி போலப் பளபளத்தது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை, சரி. ஓரத்தில் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை உலோகம், சரி. சப்பாத்தி தேய்க்கும் சலவைக்கல் பலகையைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து, அதன்மேல் கவிழ்த்து வைத்து இதழ்களின் உயரத்தைப் பார்த்தேன். ஒரு இதழ் மட்டும் மயிரிழை தூக்கி நின்றது. திருப்பிக் கொடுத்து வேறு கொண்டு வரச் சொன்னேன்.

"என்மேல் சந்தேகமா?" என்றார் செயலாளர்.

"சாமான்மேல்தான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. விவரமானவர்.

மோட்டாரைத் தண்ணீர்ப் பம்பு அறையில் வைக்கலாம் என்றார்கள். அந்த அறைச் சாவி வாட்ச்மேனிடம், எலக்ட்ரீஷியனிடம், தோட்டக்காரரிடம் என்று ஊரெல்லாம் சுற்றுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுப் பின்பக்கப் பால்கனியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, மரச்சட்டத்தில் மாட்டி வைத்தேன். வீட்டுக்குள் இருந்தால் எவனும் கை வைக்க முடியாது என்ற நிம்மதி.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே அணையின் பின்பக்க நீர்ப்பரப்பில் சோதனை ஓட்டம். கோடையில் தண்ணீர் வற்றிப் பாறைகளும் பட்ட மரக்கட்டைகளும் மேலாகவே கிடந்தன. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கமிட்டிக்காரர்கள் வடாபாவ் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள். மாமனாரும் வருகிறேன் என்றார். கரையில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். 'டக்' என்றது. மோட்டார் கூச்சலிட்டது, படகு நகரவில்லை. பின் முறிந்திருந்தது. கையோடு கொண்டு போயிருந்த மாற்றுப் பின்னைப் போட்டேன். திரும்பி வரும் வழியில் அதுவும் முறிந்தது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். உள்ளபடி சொன்னால் எனக்குச் சந்தோஷம். இரண்டு பாறையில் மோதியும் ப்ரொப்பெல்லரில் கீறல்தான் விழுந்திருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் பங்கு கொள்ள ஆள் இல்லை.

"இது பின்னா, பிஸ்கட்டா?" என்றார் செயலாளர். எல்லாரும் சிரித்தார்கள்.

காரில் திரும்பும்போது மனைவி என் பக்கம் சாய்ந்து, "இத நம்பி அப்பாவ ஏத்த முடியுமுங்களா? பேசாம ஈரோட்டுக்கு டிக்கெட் பாருங்க" என்று குரலை அடக்கிச் சொன்னாள்.

"அடுத்த வாரம் இன்னொருக்கா ஓட்டிப் பாக்கறேன். அப்பவும் நடுத்தண்ணில நின்னுதுன்னா டிக்கெட் போட்ருவோம்" என்றேன். பின் சீட்டில் மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே புதுப் பித்தளைப் பின் ஒன்றை என் கையாலேயே பொருத்தி வைத்தேன். அடுத்த ஞாயிறு அதே தண்ணீர், அதே கூட்டம். இந்த முறை 'டக்' என்று கேட்கவில்லை. 'தொம்' என்று அடிவயிற்றில் இடித்தது. மோட்டார் எகிறிக் குதித்தது, படகு முழுக்க அதிர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. முனகிக்கொண்டே கரைக்கு வந்துவிட்டது. கரையில் ஒரே கைதட்டல். செயலாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அவர் அப்படி எழுந்து பார்த்து நாளாகியிருந்தது.

நான் மட்டும் ப்ரொப்பெல்லரைக் குனிந்து பார்த்தேன். ஒரு இதழ் வாழைப்பழத் தோல் போல மடங்கியிருந்தது. இவ்வளவு அடியில் பித்தளைப் பின் முறியாமல் எப்படி இருக்கும்? கரையிலேயே உட்கார்ந்து ப்ரொப்பெல்லரைக் கழற்றினேன். மஞ்சளாக இருக்க வேண்டிய பின் வெள்ளையாக இருந்தது. காந்தத்தைக் கிட்டே கொண்டு போனேன். தாவிப் பிடித்துக்கொண்டது.

யாரோ பித்தளையை எடுத்துவிட்டு எஃகைப் போட்டிருக்கிறார்கள்.

அதுவும் ஏனோதானோ வேலை இல்லை. அரத்தால் ராவி, அளவு பார்த்து, இரண்டு முனையிலும் கூர் மழுக்கி, தொழில் தெரிந்த கை செய்த வேலை. மழை நாளில் மாமாவை ஏற்றிக்கொண்டு போகும்போது டிவைடரில் இடித்திருந்தால் பின் முறிந்திருக்காது. கியர் பல் உடைந்து, பின் மாற்றியும் பயனில்லாமல், படகை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். எனக்கு ரத்தம் கொதித்தது.

பட்டறை என்றால் தாபோடி. நேராகச் செயலாளரிடம் போய்ப் பின்னை நீட்டினேன். "இது உங்கள் வேலையா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "காய் சாங்தா தும்ஹி? என்ன பேச்சு இது? உங்கள் வீட்டுப் பால்கனியில் இருந்த மோட்டாரில் நான் எப்படிக் கை வைப்பேன்? எஃகு வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன், தோற்றேன். அதோடு முடிந்தது" என்றார். பிறகு மராத்தியில் என்னென்னவோ சொன்னார். முழுக்கப் புரியவில்லை என்பது எனக்கு நல்லதாகப் போயிற்று.

கேள்வி நியாயம்தான். ஆனாலும் விடவில்லை. கடைக்காரரைப் போய்க் கேட்டேன். கணபதிமேல் சத்தியம் செய்தார். அவ்வளவு அவசரமாகச் சத்தியம் செய்ததால் அவரையும் பட்டியலில் வைத்துக்கொண்டேன். ஏசி பழுது பார்க்க வந்தவன் பால்கனிக்குப் போனான் இல்லையா? மேல்வீட்டுக்காரர் கொடியில் விழுந்த துண்டை எடுக்க வந்தாரே? பாத்திரம் தேய்க்கிற அம்மாளைக்கூட ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, அந்தம்மாவுக்கு எஃகுக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியுமா? வேலைய விட்டுப் போயிட்டா நீங்கதான் பாத்தரம் தேய்க்கோணும்" என்றாள் மனைவி.

கியருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க மோட்டாரின் எண்ணெயை வடித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பால்கனியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, கருவிப் பெட்டியிலிருந்து பெரிய திருப்புளியை எடுத்துக் கீழ்த் திருகைக் கழற்றினேன். எண்ணெய் வடிந்தது. காந்தத்தை அதில் முக்கி எடுத்தால் மினுமினுவென்று பொடி. நல்லவேளை, பல் துண்டு எதுவும் இல்லை. இன்னொரு அடி விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். மேல் திருகு ஒரு மடிப்புக்குள் இருந்தது. திருப்புளியை விட்டேன். எட்டவில்லை.

போன மாதம் இதே திருகுக்கு இதே திருப்புளி எட்டியது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்புளி குட்டையாகியிருந்தது. நடுவில் அறுத்து ஒரு துண்டை எடுத்துவிட்டு, மிச்சத்தில் புதிதாக முனை ராவியிருந்தார்கள். முனை பழையதைவிட நன்றாகவே இருந்தது. ராவிய கோடுகள் எல்லாம் வலமிருந்து இடமாகச் சரிந்திருந்தன. பையிலிருந்த எஃகுப் பின்னை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் அதே சரிவு. இடக்கைக்காரர் வேலை.

எங்கள் வீட்டில் ஒரே ஓர் இடக்கைக்காரர்தான். அவருக்கு டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்கு வலக்கையைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

கூடத்தில் மாமனார் டேப்லட்டில் தமிழ்ச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். பின்னையும் திருப்புளியையும் அவர் எதிரில் டீப்பாய்மேல் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பின்னைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார்.

"லேசா வளஞ்சிருக்குதுங்க மாப்ள. இன்னுங் கொஞ்சம் நல்ல எரும்பா இருந்திருக்கோணும்."

"ஏன் மாமா இப்படிப் பண்ணுனீங்க?"

"பித்தள ஒடையுதுங்களே."

"ஒடையோணுமுங்க மாமா. அதுக்குத்தான் அத வெச்சிருக்கறது."

"உங்களுக்கு ஒடஞ்சா வேற போட்டுக்கலாமுங்க. எனக்கு ஒடஞ்சா ஈரோட்டுக்குப் போகோணுமுல்லீங்க?"

சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஈரோடுன்னு உங்களுக்கு யாரு மாமா சொன்னாங்க?"

"நீங்கதானுங்க." அவர் குரலில் குற்றம் சாட்டுவது எதுவுமே இல்லை. "மில்லுச் சத்தத்துல போன காதுங்க. பொம்பளைங்க கொரலுதான் கேக்காது. உங்க கொரலு நல்லாவே கேக்குமுங்க. படகு ஓடுனா இருக்கட்டும், இல்லீன்னா அனுப்பிச்சரலாம்னீங்க. காருலயும் சொன்னீங்க. அதான் நிக்காம ஓடட்டும்னு பண்ணுனேன்."

உலகத்தையே சந்தேகப்பட்டு மோட்டாரை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவன் நான். வீட்டுக்குள் ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் நாள் பூராவும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எந்தச் சொல்லில் தனக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு, நான் பேசும்போதெல்லாம் கேட்காதவர் போல உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. மனைவி உள்ளே போனாள். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாடை வந்தது.

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்ப்பேச்சில் நம்பிக்கை வைக்கிற ஆள் இல்லை அவர். நானும் இல்லை. அவருக்கு டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் பார்த்து, புது ப்ரொப்பெல்லரும் புதுப் பித்தளைப் பின்னும் போட்டு, மறுபடி அதே தண்ணீருக்குப் போனோம். கமிட்டி இல்லை. வடாபாவ் இல்லை. செயலாளரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் உம்மென்று தலையை ஆட்டி, படகை ஏற்றிச் செல்லத் தன் டெம்போவைக் கொடுத்தார். எதற்காகக் கொடுக்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறந்த குணத்தை என்ன செய்ய.

மாமனாருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிப் படகில் என் எதிரே உட்கார வைத்தேன். மனைவி கரையில் நின்றாள். கரையிலிருந்து அதிகம் விலகாமல், முழங்கால் ஆழத்தில் இருந்த ஒரு பாறைமேல் வேண்டுமென்றே ப்ரொப்பெல்லரை ஏற்றினேன். 'டக்'. மோட்டார் கத்தியது. படகு நின்றது. அவர் இரண்டு கையாலும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போன மழையில் நாற்காலியைப் பிடித்திருந்த அதே பிடி.

மோட்டாரை அணைத்து, தண்ணீருக்கு மேலே சாய்த்து வைத்தேன். குறடையும் ஒரு புதுப் பின்னையும் அவரிடம் நீட்டினேன்.

"மாத்துங்க மாமா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குறடை இடக்கையில் வாங்கிக்கொண்டார். பூட்டுக் கம்பியை நிமிர்த்தி உருவினார், மூடியைக் கழற்றினார், ப்ரொப்பெல்லரை இழுத்தார், முறிந்த துண்டைத் தட்டித் தள்ளினார். புதுப் பின்னைச் செருகித் திரும்பப் பூட்டினார். அவர் நெற்றியில் வேர்வை, மூச்சு கொஞ்சம் வாங்கியது. ப்ரொப்பெல்லரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான் மாமா. மாத்துறதுக்குப் பை நெறைய வெச்சிருக்கறேன்."

குறடை மடியில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார். மகள் அங்கே கையைப் பிசைந்தபடி நின்றிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மோட்டாரைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப நான் இங்கயே இருந்துக்கட்டுங்களா மாப்ள?"

நான் அந்த நேரம் பார்த்துக் கயிற்றை இழுத்துவிட்டேன். மோட்டார் உறுமியது. "இருங்க மாமா" என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. கேட்டிருக்கும் என்று விட்டுவிட மனம் வரவில்லை. மோட்டாரை அணைத்துவிட்டு, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.